இரண்டு நிமிடத்தில் கிழிய வேண்டிய சீட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், என் மடியில் இருந்த ஒரு கைப்பைக்குள் பிறந்தது. பை என் மனைவியுடையது. உள்ளே அவளுடைய போன் சத்தமில்லாமல் மூன்று முறை அதிர்ந்தது. கால் மரத்துப்போய்விட்டது என்று நினைத்து நான் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதாசிரியர்கள் எதையும் கூர்ந்து கவனிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டே, அந்த லட்சணம் இதுதான்.

இனி அவள் பெரியவள். அவள் தங்கை சின்னவள். இரண்டு பேருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை, பாக்டீரியாவோடு.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒரு பாக்டீரியாவின் உள்ளே எல்லையற்ற மௌனம்..."

பெரியவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மௌனமா? உள்ள சந்தைக்கடை மாதிரி இருக்குங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

2

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பாக்டீரியாவுக்குள் ஒரு ஜீன் வேலை வாங்க வேண்டுமென்றால் உத்தரவைச் சீட்டாக எழுதி அனுப்புகிறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. "புதுச் சர்க்கரை வந்திருக்கு, அதைச் செரிக்கிற புரதத்தைச் செய்" என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இருக்கும்வரை வேலை நடக்கும். சர்க்கரை தீர்ந்த பிறகும் சீட்டு அங்கேயே கிடந்தால் வேலையும் நடந்துகொண்டே இருக்கும், தண்டமாக. அதனால் ஒரு நொதி, கத்தரி போல வந்து, சீட்டை நறுக்கிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.* நறுக்கிய துண்டுகளும் வீண் இல்லை. அதே எழுத்துகளைப் பொறுக்கி, பாக்டீரியா அடுத்த சீட்டை எழுதிக்கொள்ளும்.

* "பொத்தாம் பொதுவா ரெண்டு நிமிஷம்னு போடாதீங்க. சிலது பத்து நிமிஷம்கூடத் தாங்கும்." தலைப்பில் போட்டாயிற்று, அம்மா தாயே. விட்டுவிடு.

பெரியவள் வளர்ப்பது கத்தரி மழுங்கிப்போன பாக்டீரியா. பழைய உத்தரவெல்லாம் உள்ளே தேங்கி, வளர முடியாமல் திணறுகிறதாம். "பாவங்க அது, எதையும் விட்டுத்தொலைக்கத் தெரியல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் [இங்கே ஓர் உவமை வர வேண்டும். வர மறுக்கிறது. போகட்டும்.]

3

மூன்று மாதத்துக்கு முன்னால் சின்னவள் அவசரத்தில் கையுறை போடாமல், அக்காவின் ஆர்.என்.ஏ. இருந்த ஒரு வரிசைக் குழாய்களைத் திறந்து மூடினாள். ஆர்.என்.ஏ.வை நறுக்கும் நொதி நம் தோலிலும் உண்டு. அக்காவின் எட்டு வார உழைப்பு பொடிப்பொடியாகிவிட்டது.

பெரியவள் கத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். குழாய்களை வைத்திருக்கும் உறைபெட்டியின் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "சின்னவள் இதைத் தொடக் கூடாது." ஆய்வுக்கூடமே படித்தது.

அன்றிலிருந்து அவர்கள் பேசுவதெல்லாம் என் வழியாகத்தான்.

"மாமா, மைக்ராஸ்கோப் எப்ப காலியாகும்னு அக்காகிட்ட கேளுங்க."

"அவ பக்கத்து மேசையிலதானேம்மா இருக்கா? நான் வீட்ல இருக்கேன்."

"கேட்டுச் சொல்லுங்க மாமா."

கேட்டுச் சொன்னேன். தலையெழுத்து.

4

ஒரு வரைவில் உறைபெட்டி பழுதாகிறது, சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கு, தொடல." பழிவாங்கும் முடிவு. எழுதினேன், ஆனால் அவள் அப்படி நிற்க மறுத்துவிட்டாள். இன்னொரு வரைவில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ, அதைப் பார்த்து நானும்... எனக்கே கூச்சமாக இருந்தது.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். இந்தப் பகுதியைப் பெரியவள் இன்னும் படிக்கவில்லை. எட்டிப் பார்த்தபோதெல்லாம் கையால் மறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. அக்கா பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் சின்னவள் மட்டும். உறைபெட்டி கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டியது மைனஸ் ஐம்பதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அக்காவைப் போனில் மூன்று முறை அழைத்தாள். (தொடையைத் தேய்த்த மகானுபாவன் நான்தான்.) கதவில் இருந்த சீட்டை முறைத்தாள். "சரிதான் போ" என்றாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொண்டு, அறுபத்து நான்கு குழாய்களையும் பக்கத்து ஆய்வுக்கூடத்து உறைபெட்டிக்கு மாற்றினாள். சீட்டை மட்டும் தொடவில்லை.

பிறகு எனக்கு ஒரு செய்தி: "மாமா, அக்கா சாம்பிள் எல்லாம் பத்திரம். நான்தான் செஞ்சேன்னு சொல்லாதீங்க. தொட்டதுக்கு இன்னொரு சீட்டு ஒட்டுவா."

தங்கை அழைத்தது சேதி சொல்லத்தான், காப்பாற்றியது பக்கத்து ஆய்வுக்கூடத்து உதவியாளர்தான் என்று பெரியவளே முடிவுகட்டி, அவருக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தாள். அந்த மனுஷர் திருதிருவென்று விழித்துவிட்டு வாங்கிக்கொண்டார். நல்ல பேனா. எனக்கு வயிறு எரிந்தது.

"சொல்லாதீங்க" என்ற அந்த உத்தரவுக்கு இன்றோடு ஒன்பது நாள். என்னால் இதற்கு மேல் தாங்க முடியாது. நறுக்கிவிட்டேன்.

5

தாள்களைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பகுதியில் பெரியவள் சிரித்தாள். மூன்றில் தாளைப் படக்கென்று திருப்பினாள். நான்கில் நாற்காலி நகர்ந்தது.

"அறுபத்து நாலையுமா?"

"அறுபத்து நாலையும்."

"ரெண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கிட்டா?"

"ரெண்டு ஜோடி."

"லூசு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தங்கையையா, தன்னையா, ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என்னையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சின்னவளிடமிருந்து வந்தது:

"சொல்லிட்டீங்களா மாமா?! அக்கா என் வீட்டு வாசல்ல நிக்கிறா. உறைபெட்டிக் கதவுல இருந்த அந்தச் சீட்டை நாலாக் கிழிச்சுக் கையில வச்சிருக்கா. ஒரு துண்டுக்குப் பின்னாடி என்னமோ எழுதிக் கதவுக்கு அடியில தள்ளிவிட்டிருக்கா. நான் இன்னும் படிக்கல. மூணு மாசம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல? கதவைத் திறக்கவா, வேணாமா?"

துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் சொன்னால் சின்னவள் கேட்பாள், அதுதான் சிக்கல். மூன்று மாதமாகத் தூது போய் அலுத்துவிட்டேன். இந்தாருங்கள் போன், பதிலை நீங்கள் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வாசலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வைத்தால் பெரியவளுக்கு மறுபடி கோபம் வந்துவிடும்.