நான்காம் மாடி டிஸ்சார்ஜ்

“நாளைக்கு டிஸ்சார்ஜ்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் மேஸ்திரிக்கு முகம் பூரித்துவிட்டது. கால்மாட்டில் நின்ற அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, படுக்கை மாற்றுகிறவள். எல்லா மாடியிலும் வேலை பார்த்திருக்கிறாள். பிரசவ வார்டில் டிஸ்சார்ஜ் என்றால் துண்டில் சுற்றிய குழந்தை. யார் தூக்குவது என்று சண்டை போடும் அத்தைகள், சித்திகள். எலும்பு முறிவு வார்டில் என்றால் ஊன்றுகோலும், கட்டுப் பிரிக்க எப்போது வரவேண்டும் என்ற சீட்டும். இந்த நான்காம் மாடிப் புற்றுநோய் வார்டில் அதே வார்த்தையை டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். திரும்பி வரும் தேதியை இங்கே யாருக்கும் எழுதித் தருவதில்லை.

மேஸ்திரி கேட்டேவிட்டார். “சிஸ்டர், அடுத்து எப்ப வரணும்?”

நர்ஸ் அவர் கையிலிருந்த ஊசியைக் கழற்றிக்கொண்டே, “வர வேண்டாங்கய்யா. வீட்லயே நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க” என்றாள்.

“கேட்டியா? வரவே வேண்டாமாம்!” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்படிப் போடு! மேஸ்திரி இறங்குற ஸ்டாப்பு வந்திருச்சு” என்றார் அடுத்த கட்டிலில் படுத்திருந்த பஸ் கண்டக்டர்.

“வயித்தெரிச்சல் படாதய்யா. உனக்கும் சீக்கிரம் கிடைக்கும்.”

அவள் தலையணை உறையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அதற்குள் அவர் செல்போனில் அவள் அண்ணனைப் பிடித்துவிட்டார். “மச்சான், மேல்மாடிப் பூச்சு வேலைய வேற யாருக்கும் விட்றாதீங்க. திங்கக்கிழமை நானே சாரத்துல ஏறிடுவேன்.”

உண்மையைச் சொன்னால் இந்தக் கணமே மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சொன்னபடி சாரத்தில் ஏறி நிற்பார். அன்று முழுக்க வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவருக்கு சக்கர நாற்காலியும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். “எனக்கென்ன, காலா போச்சு?” என்று படியில் இறங்கினார். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“நேத்துலேருந்து நீ ஏன் சிரிக்கவே இல்ல?”

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“இந்த மாடியிலேருந்து எத்தனை பேரு வீட்டுக்குப் போறதப் பாத்திருக்க?”

“நிறையப் பேருங்க.”

“யாராச்சும் திரும்பி வந்தாங்களா?”

அவள் குனிந்து பையைப் படியில் வைத்தாள். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“சரி. வீட்டுக்குப் போய் அவங்கல்லாம் எப்படி இருந்தாங்க? ரொம்ப வலிச்சுதாமா?”

அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. கட்டில் காலியானதும் மெத்தையை மருந்துத் தண்ணீரில் துடைத்து, விரிப்பு மாற்றி, அடுத்த ஆளுக்குத் தயார் செய்வதோடு அவள் வேலை தீர்ந்துவிடும். ஒருத்தரைப் பற்றியும் பிறகு விசாரித்ததில்லை.

“தெரியாதுங்க” என்று அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை.