மாவு வாளியும் சொந்த வண்டியும்

சரோஜம்மா ஆளை வேலைக்கு எடுக்கும்போது ஊர், பேர் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "சொந்தமா வண்டி உண்டா?" மட்டாஞ்சேரியில் இட்லி மாவு அரைத்து எர்ணாகுளத்து ஓட்டல்களுக்கு அனுப்புகிறவளுக்கு அது முக்கியம்தான். உசிலம்பட்டியிலிருந்து வந்த அருண்பாண்டியிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. வேலை கிடைத்துவிட்டது. பெட்ரோல் போட்டுக் கொடுப்பாள். அதற்குமேல் அந்த வண்டிக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைத்திருந்தாள்.

போன மாதம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அக்கா, பிரேக் சரியில்ல. ஒருநா காலையில லீவு குடுத்தீங்கன்னா ஒர்க்‌ஷாப்புல விட்டு எடுத்துருவேன்."

"உன் வண்டிய நீதானே நோக்கணும்? ஞாயிற்றுக்கிழமை போ."

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் கிடையாது. ஓட்டல்களுக்கு மாவு மட்டும் இரட்டிப்பாகப் போகும். இது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். லீவு கேட்கிறவன் எல்லாம் தூங்கத்தான் கேட்கிறான் என்று ஒரு நினைப்பு. அவனும் அதன்பிறகு கேட்கவில்லை. அடிக்கடி புதுச் செருப்பு மட்டும் வாங்கினான். "மாப்பிள்ளைக்குச் செருப்புல என்ன மோகம் பாரு" என்று எல்லோர் முன்னாலும் கேலி வேறு செய்தாள்.

அன்று காலை ஓட்டல் மேனேஜர் போன் செய்து, மாவு புளித்துக் கிடக்கிறது என்று கத்தினார். நேரில் போய் அவர் வாயை அடைக்காவிட்டால் சரோஜம்மாவுக்குச் சோறு இறங்காது. அருண்பாண்டி அதே ஓட்டலுக்கு அடுத்த நடை கிளம்பிக்கொண்டிருந்தான். கால் வைக்கும் இடத்தில் ஒரு வாளி. பின்சீட்டில் கட்டவேண்டிய இன்னொரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தோப்பும்படியில் ஒரு பஸ் சட்டென்று நின்றது. அருண்பாண்டி பிரேக்கைப் பிடித்தான். வண்டி அதுபாட்டுக்குப் போனது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, பஸ்ஸில் முட்டாமல் எப்படியோ நிறுத்தினான். சரோஜம்மா அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்கி விடுடா! நான் ஆட்டோல வந்துக்கறேன்."

இறங்கினாள். வாளியைப் பின்சீட்டில் வைத்தாள். கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். "லேட்டாக்காதே, மேனேஜர் காத்திருப்பார்" என்று அனுப்பியும் வைத்தாள். மகராசிக்கு வாளி சாயக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

பின்னால் வந்த ஆட்டோ அவள் தெருக்காரன் சிஜுவுடையது. ஏறிக்கொண்டாள். பாலத்து இறக்கத்தில் அருண்பாண்டி கண்ணில் பட்டான். அவனுடைய இரண்டு செருப்பும் ஈர ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போயின. போன வாரம்தான் வாங்கிய செருப்பு.

"சேச்சி, அந்தப் பையன் காலாலயா பிரேக் பிடிக்கறான்?" என்றான் சிஜு. "ஆரோட ஆளு?"

சரோஜம்மா அந்தச் செருப்புகளையே பார்த்தாள். தான் உட்காரப் பயந்து இறங்கிய வண்டியில் அவனைத் தினமும் அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு, கண்ணால் பார்த்த பிறகும் அனுப்பியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என் ஆளுதான். முந்திப் போய் நிறுத்து சிஜு. வேகம் போ!"

ஆட்டோவைப் பார்த்து அவன் ஓரம் கட்டினான். அவள் முகத்தைக் கண்டதும் பதறிப்போனான். "வாளி சாயலக்கா. நீங்க எறங்குனதும் வெயிட்டு கொறஞ்சு நல்லாத்தான் பிடிக்குது."

"சாவியக் கொடு."

அவன் கொடுக்கவில்லை. "வேலைய விட்டு நிறுத்திறாதீங்கக்கா. எப்பிடியாச்சும் வேற வண்டி பாத்துக்கிறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆருடா உன்ன நிறுத்தினது? வண்டிய உருட்டிட்டு ஒர்க்‌ஷாப் போ. சரியான பிறகு எடுத்தா மதி, அது போதும். செலவு நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்காமலே திரும்பி, வாளிகளைத் தானே அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினாள்.

போன் அடித்தது. மேனேஜர்தான். "மாவு எங்க? உங்க பையன் இன்னும் வரலையே?"

"நேரமாகும் சார். வண்டிக்குப் பிரேக் இல்ல."

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன அவனுக்கு?"

சரோஜம்மா ரோட்டைப் பார்த்தாள். அருண்பாண்டி வண்டியை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"அவன் சொன்னான் சார். நான்தான் கேக்கல."