ஒட்டிக்கொண்ட இரண்டு படங்கள்

குளியலறைச் சுவருக்குள் ஓடிய குழாய் எப்போது விரிசல் விட்டதோ, யாருக்குத் தெரியும்? படுக்கையறைப் பக்கம் பெயிண்ட் உப்பியபோது, வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று அத்தை விட்டுவிட்டாள். கடைசியில் சுவர் அலமாரியைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. துணியெல்லாம் தொப்பல். அடித்தட்டில் இருந்த ஆல்பம் செங்கல் மாதிரி கனத்தது.

விஷயம் கேட்டு அண்ணன் மகள் ஓடிவந்தாள். சுவரை உடைத்துக்கொண்டிருந்த பிளம்பர், "மாசக்கணக்கா கசிஞ்சிருக்கும்மா, ஒருத்தரும் பார்க்கலையா?" என்று எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

அத்தைக்கு மற்றதெல்லாம் போனாலும் போகட்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்த இரண்டு படங்கள் வேண்டும். அவையோ முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன.

ஒன்று, இறந்துபோன அவள் கணவர். ஊரையே உட்காரவைத்துப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரருக்குச் சொந்தமாய் உருப்படியான படம் அது ஒன்றுதான். மற்றது அண்ணன். கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிற ஆள். கல்யாணப் படத்தில்கூட யாரோ திட்டிவிட்ட மாதிரி நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்து, கணவர் சட்டென்று பட்டனை அமுக்கிவிட்டார். "இருங்க மாப்ள, உங்களை மட்டும் விட்டுடுவேனா!" என்று அண்ணன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். இருட்டறையில் இரண்டையும் கழுவி எடுத்தவள் அத்தைதான். எவ்வளவு சந்தோஷமான நாள் அது! மறு வருஷமே அண்ணன் போய்விட்டார். மகளுக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது.

"போன்லயாவது ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம், அத்தை" என்றாள் அவள், அழாத குறையாக.

"இப்ப பேசி என்ன? அகலத் தட்டுல பச்சைத் தண்ணி கொண்டா."

"மறுபடி தண்ணியிலயா?"

"காயவிட்டா கல்லாட்டம் ஒட்டிக்கும். எத்தனை வருஷம் பிரிண்ட் கழுவியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஊறியதும் ஓரங்கள் விட்டன. முகங்கள் இருந்த இடம் மட்டும் விடவில்லை. இன்னும் ஊறினால் இரண்டும் கரையும். ஒன்றைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை உரிக்க வேண்டும். உரிகிற படம் தேறாது. அத்தை அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மாமா படத்தைக் காப்பாத்துங்க" என்றாள் மகள்.

அத்தை படங்களைத் திருப்பிப் போட்டாள். அண்ணன் படம் கீழே வந்தது. அதை அழுத்திக்கொண்டு மேலே இருந்ததை மூலையிலிருந்து உரித்தாள். கணவரின் சட்டை வந்தது, காலர் வந்தது. முகம் கூழாகிப் பிய்ந்தது. அதை அவளே விரல் நுனியால் தண்ணீரில் அலசித் தள்ளினாள். அடியில் அண்ணன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க!"

"உங்க மாமா, நான் கண்ணை மூடினா வந்து நிப்பாருடி. நீ கண்ணை மூடினா உனக்கு யார் வருவா?"

தண்ணீர் சொட்டச் சொட்டப் படத்தை அவளிடம் நீட்டினாள் அத்தை.

"ஓரமாப் பிடி. முகத்துல விரல் படாம."