பழப்புளி போட்டுத் துலக்கிய தொட்டி

‘முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அன்புவழிபுரம் முழுக்கத் தேடினாலும் இப்படி மினுங்குற தொட்டி ஆரிட்டை இருக்கு?’

தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து நின்ற குணேஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேக்குப் பலகைகளுக்கு நடுவே குரல் முழங்கியிருக்கும். குசினியில் இருந்த மகள் தவமலர் சிரித்திருப்பாள். கையில் தேங்காய்ப் பொச்சு, அதில் பிசைந்த பழப்புளி. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறப் படலம் கரைந்து கலங்கலாக வழிந்தது. அடியில் இருந்த தகடு அப்போதுதான் வார்த்த வெள்ளிபோலப் பளிச்சிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் இந்த வேலை. விரல் நுனிகள் கறுத்துப் போகும். இரண்டு நாளைக்குச் சோற்றைப் பிசையும்போதும் அந்தக் கறுப்புத் தெரியும். அதிலும் அவளுக்கு ஒரு பெருமைதான். உழைத்த கை என்று தெரிகிறதே.

துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரக் கடற்படை போன காலத்தில், அவர்கள் மிச்சம் விட்ட சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். ஊரில் பலபேர் கதிரை, அலுமாரி, கப்பல் கயிறு என்று வாங்கி வந்தார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்த அவளுடைய கணவர் கனகசபை இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தார். வெளியே தேக்கு, உள்ளே ஈயத் தகடு, அடியில் ஒரு பித்தளைக் குழாய். கடற்காற்றில் இரும்பு ஒரு மாரி தாங்காது, ஈயம் நூறு வருடத்துக்கும் கறள் பிடிக்காது என்று வண்டியில் இருந்து இறக்கும்போதே அவர் ஒழுங்கை முழுக்க, தெருமுனைவரை கேட்கும்படி சொன்னார்.

பிறகு நகரத்துப் பைப்புத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தபோது, ஒழுங்கையில் முதன்முதல் வீட்டுக்குள் பைப்பு இழுத்தவரும் அவர்தான். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், தொட்டி நிரம்பும், நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். கிணறுகள் உவர்த்துப்போகிற பங்குனி, சித்திரையில் அயலட்டம் எல்லாம் செம்போடு அவர்கள் வாசல் படலைக்குத்தான் வரும். யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. பங்குனியில் அம்மன் கோயில் பாற்குடம் அந்தத் தெருவால் போகும் நாளில், படலைக்கு வெளியே கிடுகுப் பந்தல் போட்டு, அந்தத் தொட்டியையே தூக்கி வைத்து, முதல் நாள் பின்னேரமே தேசிக்காய்ப் புளியும் சீனியும் கரைத்து ஊற வைப்பார். முதல் பேணியை நிரப்பி வீட்டுக்காரி கையால் கொடுப்பது வழக்கம். அந்த ஒரு நாளுக்காகவே தான் பிறந்ததுபோல அன்று குணேஸ்வரி நிற்பாள்.

இந்த வருடம் பாற்குடத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

தவமலர் புருஷன் ஊரான கப்பல்துறையில் இருந்து தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வந்த நாளில் கன்னம் பூரித்திருந்தவள், இப்போது வெளிறிப்போய், வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருந்தாள். பிள்ளைக் குத்து இல்லை. இது வேறு மாதிரி, குடலைப் பிடித்து முறுக்குகிறது என்றாள். போன தைப்பொங்கலுக்கு வந்து நின்றபோதும் இப்படித்தான். புருஷன் வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் தானாகவே விட்டுப் போயிற்று.

பக்கத்து வீட்டு யோகம்மா இதற்கு ஒரு பகிடி வைத்திருந்தாள். “மருந்து கப்பல்துறையிலை இருக்கு, குணேசக்கா. மருமேனைக் கூப்பிட்டு முன்னாலை இருத்திவிடுங்கோ, குத்து எங்கையெண்டு பறக்கும்.”

குணேஸ்வரியும் சிரித்தாள். ஆனால் சிரித்த வாய் மூடியபிறகும் அந்தப் பேச்சு உள்ளே கிடந்தது. பெற்ற வீட்டுக்கு வந்தால் நோ, புகுந்த வீட்டுக்குப் போனால் சுகம். ஒரு தாய்க்கு இதைவிட இளக்காரம் உண்டா? தன் சமையலை நினைத்துப் பார்த்தாள், படுக்கையை நினைத்துப் பார்த்தாள். தண்ணீரை அவள் நினைக்கவே இல்லை.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் கலீலுர் றஹ்மான் சைக்கிளில் வந்தார். கிண்ணியா ஊர்ப் பிள்ளை, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வயிற்றோட்டம் பரவுகிறது என்று வீடு வீடாகக் கிணறுகளைப் பார்த்து, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டு, கிருமி கொல்லும் வெண்தூள் போட்டுக்கொண்டு போனார். இவர்களுடைய கிணற்றைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவரைக் குணேஸ்வரிதான் மறித்தாள்.

“தம்பி, நாங்கள் குடிக்கிறது பைப்புத் தண்ணி. தொட்டியைப் பாக்காமல் போறீங்களே.”

அவர் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ‘இவ்வளவு துப்புரவான தொட்டியை நான் எங்கேயும் கண்டதில்லை’ என்ற சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். அவர் கையை விட்டு, நகத்தால் தகட்டை ஒரு கீறுக் கீறினார். வெண்ணெயில் கீறியதுபோலக் கோடு விழுந்தது.

“எதாலை தேய்க்கிறீங்க, அம்மா?”

“பழப்புளி. கிழமைக்கு ஒருக்கா.”

அவர் மூடியை மெதுவாகவே மூடினார். அவளுடைய கறுத்த விரல்களையும், குசினி வாசலில் இருந்த தவமலரையும் பார்த்தார். பிறகு, படிப்பிக்கிற குரலில் இல்லாமல், ஒரு துக்கச் செய்தி சொல்கிறவரைப்போல விளங்கப்படுத்தினார். இது வலைக்குக் கட்டுகிற அதே ஈயம், சட்டிக்குப் பூசுகிற வெள்ளீயம் இல்லை. தண்ணீர் நிற்க நிற்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். சும்மா விட்டால் மேலே ஒரு சாம்பல் படலம் பிடித்து ஓரளவுக்காவது காக்கும். புளி போட்டால் அந்தப் படலம் போய்விடும். தேசிக்காய் கரைத்து வைத்தால் அதைவிட மோசம். பைப்பில் வருகிற தண்ணீரில் பிழை இல்லை; அது இந்தத் தொட்டிக்குள் நிற்கும்போதுதான் நஞ்சாகிறது. வயிற்று முறுக்கு, வெளிறல், எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம்; மற்றவர்களைவிடப் பிள்ளைத்தாச்சி உடம்பில் அது முந்தித் தெரியும். மகளைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

“வயித்திலை இருக்கிறதுக்கும் கூடாது, அம்மா. இண்டையிலிருந்து ஒரு சொட்டும் குடுக்காதீங்க.”

அவர் போனபிறகு குணேஸ்வரிக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம். இருபது வருடம் துலக்கிய கை. ஊர் வாய் நிறையப் புகழ்ந்த துப்புரவு. ஊத்தையாக வைத்திருக்கிறவள் வீட்டில் நோய் வந்தால் நியாயம். மினுக்கினவள் வீட்டில் வரலாமா? சோம்பேறியாக இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இவ்வளவு வந்திராது என்றா அந்தப் பெடியன் சொல்லிவிட்டுப் போகிறான்? குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். புகையில் கண் கரித்தது. புகைக்குள்ளே, கப்பல்துறைக் கிணற்றுத் தண்ணீர் ஞாபகம் வந்தது. தவமலர் அங்கே நன்றாக இருந்தாள். போன வருடப் பாற்குடத்தன்று பந்தலில் குடித்துவிட்டுப் பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களும் ஞாபகம் வந்தார்கள். வெயில் என்று சொன்னார்கள். இவளும் வெயில் என்றுதான் சொன்னாள்.

கோபம் எந்த இடத்தில் இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து, சருவக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருப் பைப்படிக்குப் போனாள்.

அங்கே வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சொந்தப் பைப்பு வந்த நாளில் இருந்து அவள் அந்த மண்ணை மிதித்ததில்லை. வீட்டுப் பைப்பு காலையில் கொஞ்ச நேரந்தான் வரும், அதுவும் இடையில் குடம் வைக்க இடமில்லாமல் நேரே தொட்டிக்குள் விழும்படி கனகசபை பொருத்தியிருந்தார். யாரும் ஒன்றும் கேட்காதது அவளுக்குச் சுட்டது. ஆனால் குடம் நிரம்பி, அந்தப் பாரம் இடுப்பில் ஏறியதும், என்னவோ ஒரு நிமிர்வு வந்தது. இது என் பிள்ளைக்கு நான் சுமக்கிற தண்ணீர். வரிசையை விட்டு வரும்போது அவள் தலை குனியவில்லை.

அன்று பின்னேரம் கனகசபையிடம் சொன்னாள். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து கடைசிவரை கேட்டார். பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசித்தானே தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறோம் என்றார். அது வெள்ளீயம், இது வேறு என்று பரிசோதகர் ஐயா சொன்னதை அவள் சொன்னாள். வெள்ளைக்காரன் முட்டாளா, தன் கப்பலில் ஈயத் தொட்டி வைக்க என்றார். அவன் அதில் குடிக்கத் தண்ணீர்தான் வைத்தானா, வேறு எதையாவது வைத்தானா என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெருத் தண்ணீர் கொடுப்பதைத் தடுக்க மாட்டேன், ஆனால் பந்தல் நடந்தே தீரும், தொட்டியும் பந்தலில் இருக்கும் என்றார். அந்த முகத்தில் பிடிவாதத்தைவிட நோதான் கூடுதலாக இருந்தது. ஊர் முழுக்கத் தன் வாசலில் தாகம் தீர்க்கிறது என்பது ஒன்றுதான் அந்த மனிதர் தன் வாழ்க்கையில் தேடிய சொத்து என்று அவளுக்குத் தெரியும். அதில் பாதி அவளுடைய கையால் மினுங்கியது.

பெரியாஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். தெருத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய சில நாட்களில் தவமலர் வயிற்றில் இருந்து கையை எடுத்தாள். ஒரு காலை தானாகவே எழும்பி, பழங்கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள். குணேஸ்வரி கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தேவையில்லாமல் அவள் தலையைத் தடவினாள்.

கதை ஒழுங்கையெல்லாம் பரவியிருந்தது. பரிசோதகர் பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

பாற்குட நாள் வந்தது. முதல் நாள் பின்னேரமே கனகசபை ஆட்களைப் பிடித்துத் தொட்டியைப் பந்தலுக்குத் தூக்குவித்து, தண்ணீர் நிறைத்து, தேசிக்காயும் சீனியும் தானே கரைத்தார். அதிலிருந்து ஒருவருக்கும் தான் ஊற்ற மாட்டேன் என்று குணேஸ்வரி சொன்னாள். அவர் கேளாதவர்போல மூடியைத் துடைத்தார். விடியத் தொடங்கியதும் அவள் தெருப் பைப்படிக்கும் பந்தலுக்குமாக நடந்தாள். மண்பானைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் நிரப்பி, வெள்ளைத் துணி கட்டினாள். தவமலர் கதிரையில் இருந்தபடி தேசிக்காய் வெட்டிக் கொடுத்தாள். கனகசபை பானைகளைக் கண்டார். வெள்ளிப் பேணியை எடுத்துத் தொட்டி மூடியின்மேல் வைத்தார்.

பறைச் சத்தம் முதலில் வந்தது. பின்னால் மஞ்சள் துணி கட்டிய குடங்கள். வெயில் ஏறியிருந்தது. கூட்டத்தோடு வந்தவர்கள் பந்தலைக் கண்டதும் வழக்கம்போல அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள், ஆனால் கிட்ட வரவில்லை. தொட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யோகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கனகசபையின் காதுமடல் சிவந்தது. பித்தளைக் குழாயைத் திறந்து வெள்ளிப் பேணியை நிரப்பி, அவளிடம் கொண்டுவந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இஞ்சாரும், இதிலை ஒரு வாய் குடியும்,” என்றார், குரலைத் தாழ்த்தி. “நீர் குடிச்சால் போதும். எல்லாற்றை வாயும் அடங்கும்.”

பேணியின் விளிம்பில் தேசிக்காய் விதை ஒன்று மிதந்தது. இவ்வளவு காலத்தில் இந்த மனிதர் தனக்கென்று ஊர் முன்னால் கேட்ட ஒரே ஒரு காரியம் இது. ஒரு வாய்தான். ஒரு வாயில் யாரும் செத்துவிட மாட்டார்கள். குடித்தால் அவருடைய தலை நிமிரும். பிறகு கூட்டத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், அதோ வேப்பமர நிழலில் நிற்கிறாளே, அவளும் நம்பிக் குடிப்பாள்.

குணேஸ்வரி பேணியை இரண்டு கையாலும் வாங்கினாள், அவர் கொடுத்ததைத் தட்டிவிட்டதாக ஊர் நினைக்காதபடி. வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், பலகையில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எனக்கு ஏலாதப்பா,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு முதல் பானையின் துணியை அவிழ்த்தாள்.