வெல்டாவின் முகத்தில் ஒரு சொட்டு

மனைவி சொன்னதை எழுத்து மாறாமல் கேட்கிற கணவனைவிட ஆபத்தான பிராணி அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் கிடையாது. ஆர்லன் ஹவ்கன் அந்த ரகம். பண்ணை பண்ணையாகப் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு, யாரோ கொட்டகையில் போட்டு மறந்திருந்த, காருக்குப் பின்னால் கோத்துக் கொண்டுபோய்த் தங்குகிற ஒரு பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் பிறந்த வருடத்தில் செய்த வண்டி. பன்றி இறைச்சி டின்னுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, சுற்றிலும் ஜன்னல்கள். அதற்கு டாலி என்று பெயர் வேறு.

டாலிக்கு ஒரே ஒரு குறை. மழை வந்தால் ஒழுகும். அந்தக் கரையில் மழை பெய்த நாளை யாரும் கணக்கு வைப்பதில்லை, பெய்யாத நாளைத்தான் பேசிக்கொள்வார்கள்.

ஒழுகும் இடமும் மாறாது. கட்டிலுக்கு மேலே இருக்கும் ஜன்னலிலிருந்து நேராக அவன் மனைவி வெல்டாவின் முகத்தில். டாலியோடு போய்த் தங்கும் முகாமுக்கு முகாம் அவள் அந்தச் சொட்டில்தான் கண் விழித்தாள். ஆர்லன் உடனே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏணியோடு வெளியே ஓடுவான். அவன் வெளியே ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பான், அவள் உள்ளே தனியாகப் படுத்து அந்தச் சுரண்டலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போன வசந்தத்தில் ஒரு காலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஆர்லன், நல்லாக் கேட்டுக்கோ. இந்த வண்டிக்குள்ள இன்னும் ஒரே ஒரு சொட்டு என் மூஞ்சில விழட்டும், டாலியை ரேக்கு வித்துருவேன்.”

ரே என்பவன் நெடுஞ்சாலை ஓரத்தில் காபிக் கடை போட ஒரு பழைய டிரெய்லர் தேடிக்கொண்டிருந்தவன். கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி அவனுக்குச் சேதி எட்டிவிட்டது. அன்று முதல் அவர்கள் எந்த முகாமுக்குப் போனாலும் அவனும் வந்துவிடுவான். தன் பிக்கப் வண்டியின் பின்புறத்தை டாலி பக்கம் திருப்பி நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பான். மேகம் கறுக்கக் கறுக்க ரேயின் முகம் மலரும்.

ஆர்லன் கணக்குப் போட்டுப் பார்த்தான். டாலி போனால் வீட்டில் டிவியும் முட்டிவலியும்தான் மிச்சம். அதைவிட, நாற்பது வருடமாக அதிகாலையில் லாரியோடு போய்விட்டவனுக்கு, மனைவியோடு சேர்ந்து போவதற்கென்று ஒரு இடம் கிடைத்ததே இப்போதுதான். அதை ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பறிகொடுக்க அவனுக்கு மனமில்லை. கோடை முழுக்க ஜன்னல்களோடு மல்லுக்கு நின்றான்.

அந்த ஜன்னல்களைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. சட்டத்தைச் சுற்றியுள்ள திருகாணிகளைக் கழற்ற வேண்டும். காய்ந்து கல்லாகிப் போன பழைய பட்டிப் பசையைச் சுரண்ட வேண்டும். சூயிங்கம் போல இழுபடும் டேப்பைச் சட்டத்துக்குப் பின்னால் சுற்றி ஒட்டி, திரும்ப முடுக்கி, பிதுங்குவதை அறுத்தெடுக்க வேண்டும். சட்டத்தின் அடியில் இரண்டு பொடி ஓட்டைகள் இருக்கும். உள்ளே தேங்குகிற தண்ணீர் வெளியே போவதற்கான வழி அது, தொடவே கூடாது. சிலிகான் பசையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அதை ஒருமுறை பூசிவிட்டால் பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. இந்த முகாம்களை நடத்துகிற கடலோரப் பழைய டிரெய்லர் சங்கத்தில் குடித்துவிட்டு வந்தவனை மன்னிப்பார்கள். மனைவியைப் பெட்ரோல் பங்க்கில் மறந்துவிட்டு வந்தவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள். சிலிகான் பூசியவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

ஆர்லன் முதலில் முறைப்படிதான் செய்தான். பிறகு யோசிக்க ஆரம்பித்தான், அங்கேதான் சனி பிடித்தது. திருகாணி என்றால் ஓட்டை. ஓட்டை என்றால் தண்ணீர் வரும் வழி. ஆகவே கட்டில் ஜன்னலுக்குத் திருகாணியே வேண்டாம் என்று முடிவு செய்து, யாருக்கும் தெரியாமல் வெறும் சிலிகானால் ஒட்டினான். அடியில் இருந்த பொடி ஓட்டைகளை அடைத்தான். மற்ற ஜன்னல்களின் திறக்கிற விளிம்பிலும் பூசினான். கூரையின் காற்றுத் துவாரம், பாத்திரத் தொட்டியின் குழாய், சாவித் துவாரம் எதையும் விட்டுவைக்கவில்லை. அக்டோபர் முகாமில் தண்ணீர்ச் சோதனை. அன்று காலையிலும், எதற்கும் இருக்கட்டும் என்று கதவு நிலையைச் சுற்றிச் சிலிகானால் ஒரு கோடு இழுத்தான்.

தண்ணீர்ச் சோதனை சங்கத்தின் வழக்கம். வண்டிக்காரர்களும் இரண்டு நடுவர்களும் உள்ளே உட்கார்ந்து, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியைச் சூடாகச் சாப்பிட வேண்டும். வெளியே நாலு பேர் ஹோஸ் பைப்பால் வண்டிமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். ஜன்னல் விளிம்புகளில் காகிதத் துண்டு வைத்திருக்கும். சட்டி காலியாகும் வரை காகிதம் நனையாவிட்டால் வண்டி தேறியது.

நடுவர்களாக வந்தவர்கள் இருவர். சங்கத் தலைவி பெர்னடைன் அம்மாள் ஒருவர். மற்றவன் டூயி, சாப்பாடு உள்ள எந்தப் பொறுப்பையும் தட்டாதவன். உள்ளே கால் வைத்ததும் பெர்னடைன் அம்மாளின் மூக்கு சுருங்கியது. காயாத சிலிகானுக்கு வினிகர் வாசம் உண்டு.

“ஆர்லன், வினிகர் வாசம் அடிக்குதே?”

“ஊறுகாய் போட்டோம்,” என்றான் ஆர்லன்.

வெல்டா திரும்பிப் பார்த்தாள். “நாம எப்பய்யா ஊறுகாய் போட்டோம்?”

“நான் போட்டேன். வெள்ளரிக்காய் ஊறுகாய்.”

“வெந்நீர் வெக்கத் தெரியாத மனுஷன் ஊறுகாய் போட்டிருக்காராம், எல்லாரும் கேட்டுக்கோங்க.”

“சோதனை முடிஞ்சதும் எனக்கு ஒரு பாட்டில்,” என்றார் பெர்னடைன் அம்மாள்.

“எனக்கு ரெண்டு,” என்றான் டூயி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட உலகத்தில் இருக்கலாம். ஆர்லனுக்கு மறைக்கச் சோறும் இல்லை. சிரித்து வைத்தான்.

பெர்னடைன் அம்மாள் காகிதத் துண்டுகளை அடுக்கினார். வெல்டா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். “இதெல்லாம் எனக்கு வேணாம். என் மூஞ்சிதான் எனக்குக் காகிதம்” என்று சொல்லி, கட்டில் ஜன்னலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். டூயி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான்.

ஆர்லன் கதவை இழுத்துச் சாத்தினான். மின்சார அடுப்பில் சில்லிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நடுவர்கள் குளிரக் கூடாதே என்று ஹீட்டரையும் போட்டிருந்தான். வெளியே வானம் மூடியிருந்ததே தவிர ஒரு தூறல் இல்லை. விசில் ஊதியது. நாலு பைப்பும் ஒன்றாகப் பீய்ச்சின, டாலி தகர டப்பா போல அதிர்ந்தது.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பெர்னடைன் அம்மாள் காகிதங்களைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். டூயி இரண்டாவது கிண்ணத்துக்குப் போனான். ஆர்லன் எழுந்து ஜன்னலிடம் போனான். இனி ரே தன் நாற்காலியை மடக்க வேண்டியதுதான் என்று நினைத்து, கண்ணாடி வழியே அவன் இருந்த பக்கமாகக் கையை ஆட்டினான். கண்ணாடியில் நீராவி படிந்திருந்ததால் ரே தெரியவில்லை.

“விழுந்துச்சு,” என்றாள் வெல்டா, கண்ணைத் திறக்காமல்.

“வேர்வையா இருக்கும், கண்ணு.”

“வேர்வை நெத்தியில ஊறும். மேலேர்ந்தா குதிக்கும்? இதோ, இன்னொண்ணு.”

பெர்னடைன் அம்மாள் சுவரைத் தட்டி, பைப்புகளை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். வெளியே தண்ணீர் நின்றது. உள்ளே மழை நிற்கவில்லை. கூரை முழுக்க முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஒன்று டூயியின் வழுக்கையில் விழுந்தது, ஒன்று அவன் கிண்ணத்தில். பெர்னடைன் அம்மாள் கூரையை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“சில்லி,” என்றார். “வெளித் தண்ணி இல்ல. சட்டி ஆவியும் நம்ம மூச்சும்தான். போக வழியில்லாம திரும்பி நம்ம தலையிலயே கொட்டுது.”

“அப்ப தேறிச்சா, தேறலையா?” என்றான் ஆர்லன்.

“வெளித் தண்ணி உள்ள வரக் கூடாதுங்கறதுதான் விதி. உள் தண்ணி உள்ளயே பெய்யறதப் பத்தி நாங்க யோசிச்சதில்ல.”

“மழைன்னா மழைதானே,” என்றான் டூயி, கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு.

“அதெப்படி? எங்கேர்ந்து வருதுன்னு பாக்க வேணாமா?”

பேசப் பேச மூச்சு கூடியது, மூச்சு கூடக் கூட மழை வலுத்தது. ஜன்னல் அடியில் தேங்கிய நீர், போக வழியில்லாமல் பொங்கிக் காகிதங்களை நனைத்தது. “வாயை மூடுங்க எல்லாரும், பெருமழை ஆயிரும்!” என்று பெர்னடைன் அம்மாள் கத்திய கத்தில் இன்னும் நாலு சொட்டு விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ரேயின் குரல் கேட்டது.

“மேடம், விழுந்துச்சா?”

“விழுந்துச்சு!” என்றாள் வெல்டா. பிக்கப் வண்டி உறுமிப் பின்னால் நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது.

பெர்னடைன் அம்மாள் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. டூயி தோளைக் கொடுத்தான், டாலி ஆடியது, கதவு ஆடவில்லை. ஜன்னல் கைப்பிடியைத் திருகினார்கள். அது டூயியின் கையோடு வந்தது. பெர்னடைன் அம்மாள் கதவு நிலையை நகத்தால் கீறினார். ரப்பர் போல ஏதோ இழுபட்டது. மோந்து பார்த்தார்.

“ஆர்லன். இதுதான் உன் ஊறுகாயா?”

ஆர்லன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப ஊறுகாயே கிடையாதா?” என்றான் டூயி. அவன் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

ஆர்லன் கட்டிலைப் பார்த்தான். வெல்டா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முடியிலிருந்து நீர் வடிந்தது. “உன் மூஞ்சில விழக் கூடாதுன்னுதான்” என்றான். “கோடை பூரா வேற நினைப்பே இல்ல வெல்டா. நீ இந்த வண்டிய வித்துட்டா, அப்புறம் நான் உன்ன எங்க கூட்டிட்டுப் போவேன்?”

“ஜன்னல் திறக்காத வண்டியை உன்கிட்ட எவ கேட்டா?” வெல்டாவுக்கு அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “மழை பேஞ்சா ஒரு சொட்டு விழும், துடைச்சுட்டுப் போறேன். விழுந்த உடனே நீ ஏணியத் தூக்கிட்டு ஓடிர்றியே, அதாய்யா எனக்கு ஆகல. ஒரு நாளாவது இந்தக் கட்டில்ல விடிஞ்சப்புறமும் நீ இருந்திருக்கியா? நாப்பது வருஷம் பாலுக்கு ஓடின. இப்ப பட்டி சுரண்ட ஓடுற.”

ஆர்லன் எழுந்தான். கருவிப் பெட்டியிலிருந்து பட்டி சுரண்டுகிற பிளேடை எடுத்து, கட்டில்மேல் முட்டி போட்டு, தான் ஒட்டியதைத் தானே சுற்றிலும் அறுத்தான். திருகாணி இல்லாத ஜன்னல். லேசாக ஒரு தள்ளுத் தள்ளினான், சட்டத்தோடு முழுசாக வெளியே போய், பிக்கப்பிலிருந்து இறங்கி வந்திருந்த ரேயின் கைகளில் விழுந்தது. குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது.

அந்த ஓட்டை வழியாகத்தான் சங்கத் தலைவியை வெளியேற்றினார்கள். ரே கீழே நின்று தாங்கிக்கொண்டான். அடுத்து சில்லிச் சட்டி போனது, அதன் பின்னால் மூச்சு முட்ட டூயி. தரையில் கால் ஊன்றிப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டதும் பெர்னடைன் அம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

“வெளித் தண்ணி ஒரு சொட்டும் வரல. இந்த வருஷம் முதல் பரிசு டாலிக்குத்தான். சிலிகான் பூசினதுக்காக ஆர்லனைச் சங்கத்துலேர்ந்து நீக்குறேன். பரிசைச் சாயங்காலம் வந்து வாங்கிட்டு, அப்படியே வெளிய போயிரு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வானம் பிளந்துகொண்டது. இது அசல் மழை. வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்து ஓடியது. ரே மட்டும் போகவில்லை. ஜன்னலை இடுக்கிக்கொண்டு ஓட்டை வழியே எட்டிப் பார்த்தான். “மேடம், சொன்ன சொல்லு...”

“சொன்னது சொன்னதுதான். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ,” என்றாள் வெல்டா. “மழை விடற வரைக்கும் இந்த மனுஷன் என் பக்கத்துல படுத்திருக்கணும். ஒழுகுதுன்னு எழுந்து பிளேடைத் தொட்டாரு, அந்த நிமிஷமே வண்டி உன்னோடது. தொடலைன்னா வண்டி எங்களோடது. சரியா?”

ரே ஆர்லனை மேலும் கீழும் பார்த்தான். இந்த ஆளைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். “சரி மேடம்,” என்று சிரித்து, நாற்காலியைப் போட்டுக் குடையை விரித்துக்கொண்டான்.

ஆர்லன் பூட்ஸோடு படுத்தான். கட்டில் அவ்வளவு குறுகலானது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. ஓட்டை வழியாக மழை தாராளமாக வந்தது. முதல் சொட்டு அவன் புருவத்தில் விழுந்தது, இரண்டாவது காதுக்குள் போனது. சட்டத்தின் மேல் மூலையில் டேப்பை எந்த அகலத்தில் ஒட்டினால் இது நிற்கும் என்று அவன் புத்தி கணக்குப் போட்டது. வலது கை தானாக எழுந்தது. ரே நாற்காலியின் நுனிக்கு வந்தான். எழுந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆர்லன் அதை வெல்டாவின் கைமேல் வைத்தான். அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

ரே குடைக்கு அடியிலிருந்து வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“மேடம்,” என்றான், “அக்டோபர்ல பிடிச்ச மழை இங்க மே மாசம்தானே விடும்?”

“தெரியும்,” என்றாள் வெல்டா.