நாற்பத்தாறு சொடுக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெண்கலக் கைக்கடிகாரத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருகிறவர்களைக் கடையில் நிற்கவைத்தே திட்டுவேன். உப்புத்தண்ணீர் பட்டுக் கறுத்து, பச்சை பூத்தால்தான் வெண்கலத்துக்கு மதிப்பு. சேகரிப்பவர்கள் அந்தப் பச்சைக்காகத்தான் நாயாய் அலைகிறார்கள். அதனால் அன்று ஒரு அம்மா வெண்கலக் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்ததும், "தேய்க்கலையே?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லண்ணா. துணிகூடப் போட்டதில்ல."

முக்குளிப்பவர்கள் கட்டும் கனத்த கடிகாரம். அவருடைய கணவர் கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தவர். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் இறங்கியவர் உயிரோடு ஏறவில்லை. கடிகாரத்தை மணிக்கட்டிலிருந்து கழற்றிக் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்த அம்மா அதற்குச் சாவி கொடுத்து ஓடவிட்டிருக்கிறார். போன வாரம் நின்றுவிட்டது.

"ஓட வச்சாப் போதும். இந்த வளையத்த மட்டும் திருப்பிடாதீங்க."

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம் அது. இறங்கும்போது அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துக்கொண்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும். திருப்பும்போது நிமிடத்துக்கு இரண்டு தடவை சொடுக்கும். அந்த மனுஷன் கடைசியாக வைத்தது இருபத்துமூன்றாவது நிமிடத்தில்.

"வீட்டுக்கு வந்ததும் வாசல்லயே நின்னு பன்னெண்டுக்குத் திருப்புவாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் அடுப்பப் பத்த வைப்பேன்."

தொடமாட்டேன் என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

மூன்று நாள் வேலை. உறைந்த எண்ணெயைக் கழுவி, தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பரை மாற்றி, பின்மூடியை இறுக்கினேன். கடைசியில் கை தன்பாட்டுக்கு முக்கோணத்தைப் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முப்பது வருடப் பழக்கம். வேலை முடிந்த கடிகாரத்தை அப்படித்தான் வைப்போம். சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த வளையம் ஒரு பக்கம்தான் சுற்றும். எங்கேயாவது இடிபட்டு நகர்ந்தாலும் மிச்சமுள்ள நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. உயிர் காக்கத்தான் அந்த ஏற்பாடு. எழுபத்துநாலு சொடுக்கு எண்ணி, மீதிச் சுற்றையும் சுற்றி, பழையபடி இருபத்துமூன்றில் நிறுத்தினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் அந்த அம்மா வந்தார். ஓடும் முள்ளை அவர் பார்க்கவே இல்லை. வளையத்துக்கும் கடிகாரத்தின் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பார்த்தார். நான்கு வருடமாக அங்கே மூடிப் படர்ந்திருந்த பச்சை விண்டுபோயிருந்தது. பச்சையைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

"திருப்பினீங்களா?"

"ஆமாம்மா. கைப்பழக்கத்துல பன்னெண்டுல வச்சுட்டேன். அப்புறம் பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ரெண்டும் தப்பு." வெட்கமாக இருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"பன்னெண்டுல எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அந்தச் சத்தத்த நான் கேக்கலையே," என்றார்.

பிறகு கடிகாரத்தை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். இரண்டு விரல்களை வளையத்தில் வைத்து அவரே திருப்ப ஆரம்பித்தார், ஒவ்வொரு சொடுக்காக, அவசரமில்லாமல். நான் மனதுக்குள் எண்ணினேன். நாற்பத்தாறாவது சொடுக்கில் முக்கோணம் பன்னிரண்டுக்கு வந்தது.

"வாங்க," என்றார், கடிகாரத்தைப் பார்த்து.