ஒன்பதடிப் பொங்கல்படி

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வரப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. மகள் சொக்கம்மாள் கல்யாணம் முடிந்த மறுநாள், விருதுநகர் சம்மந்தி பலவேசத்தைப் பெருமையாகக் குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போனார். அது பங்குனி மாதம். பங்குனியில் அருவியில் என்ன இருக்கும்? பாறைதான் இருந்தது. சம்மந்தி துண்டும் தோளுமாக அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இம்புட்டுப் பேச்சு?” என்று கேட்டுவிட்டார்.

அருவியை இவரே கட்டி வைத்த மாதிரி இவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இனி உம்ம வீட்டு வாசப்படிய மிதிச்சா நான் மனுசன் இல்ல வே” என்றார். சொன்னபடியே இருந்தும் தொலைத்தார். தலைதீபாவளிக்குக்கூடப் போய் அழைக்கவில்லை. அழைக்காமல் மாப்பிள்ளை எப்படி வருவார்? என் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பத்து மாதமாகிவிட்டது.

தலைப்பொங்கல் சீரான பொங்கல்படியையாவது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அழுதேன். “கொடுக்காம இருப்பமா? ரயில் பார்சல்ல அனுப்பிருவோம்” என்றார். மகள் சீரைப் பார்சலில் அனுப்ப நினைத்தவர் எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பார்சலுக்கு எடை வரம்பு உண்டென்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை எல்லாவற்றையும் அரிசிக்கடைத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தார். இரண்டு அச்சு வெல்லத்தை எடுத்து வெளியே வைத்தார். கரும்பு எங்கள் வயலில் விளைந்தது. ஒரு வரிசையைச் சொக்கிக்கு என்று ஒதுக்கி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார். அதில் பன்னிரண்டைத் தோகையோடும் வேரோடும் பிடுங்கிக் கட்டினார்.

தென்காசி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா சங்கரநாராயணன் எல்லாவற்றையும் நிறுத்தார். எடை சரியாக இருந்தது. இவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் குமாஸ்தா நாடாவை எடுத்துக் கரும்புக்கட்டின் மேல் ஓட்டினார்.

“ஒம்பதடி இருக்கு அண்ணாச்சி. ஆறடிக்கு மேல ஏத்த முடியாது.”

“எடை சரியாத்தான இருக்கு?”

“எடை சரிதான். நீளம்?”

நீளத்தை நாங்கள் யாருமே நினைக்கவில்லை.

“ரெண்டா வெட்டிக் கட்டுங்க, இப்பமே ஏத்திருதேன்.”

“தலைப்பொங்கலுக்கு முறிச்ச கரும்பா? எம் பிள்ளைக்கா?” இவர் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

குமாஸ்தா அசரவில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, “ஆச்சி, ஆளுக்கு நாங்க அளவு பாக்கது இல்ல. டிக்கெட் எடுத்துக் கூடவே கொண்டு போங்க. ரயில் கார்டுகிட்ட நான் சொல்லுதேன்” என்றார். அவர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அங்கேயே மனசுக்குள் வாழ்த்தினேன்.

இவர் கரும்பைப் பார்த்தார், கரும்புக்கட்டில் செருகிக் கொண்டுவந்திருந்த அரிவாளைப் பார்த்தார். “ரெண்டு டிக்கெட் எடுட்டி” என்றார் கடைசியில். “ஆனா நான் தெருவுலதான் நிப்பேன்.”

பெட்டியில் நடக்கிற வழியிலேயே கரும்பை நீட்டிப் போட்டோம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ராஜபாளையம் வரை அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருத்தர் தோகையை மிதித்துவிட்டார் என்று அவரோடும் ஒரு சண்டை. எனக்குச் சிரிப்பாக வந்தது. எத்தனை மாதத்துக்கப்புறம் வந்த சிரிப்பு!

விருதுநகரில் சம்மந்தி வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம், வாசல் ஒரு ஆள் அகலம். நான் பானையோடு உள்ளே போனேன். இவர் சொன்னபடி தெருவில் நின்றார். பலவேசம் வெளியே வந்தார். இவரைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார். கட்டின் முன்பக்கத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

பின்பக்கம் தோகை. விட்டால் தரையில் இழுபட்டு ஒடிந்துவிடும். “மெதுவா வே! இடது பக்கம் வே! நிலையில இடிக்கப் போவுது!” என்று கத்திக்கொண்டே இவர் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வாசல் போயிற்று, முன்கட்டு போயிற்று, கூடமும் வந்துவிட்டது. நான் பானையோடு ஒதுங்கி வழி விட்டேன்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து சொக்கம்மாள் ஓடி வந்தாள். கரும்பை அவள் பார்க்கவில்லை. ஈரக் கையோடு இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கரும்பு இல்லாட்டாலும் வந்திருக்கலாம்லாப்பா.”

இவர் இரண்டு கைகளாலும் மகளை அணைத்துக்கொண்டார். தோளிலிருந்த கட்டு நழுவிக் கல்தரையில் விழுந்து, நாலைந்து கரும்பு படீரென்று முறிந்தது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.